உதறுவது டயரா, ஷாஃப்ட்டா? – கேள்வி பதில்

சார், பின்சக்கரம் இழுக்கும் வண்டி. 80-ஐத் தாண்டினால் நடுங்குகிறது. வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை. ஷாஃப்ட்தானா?

ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய். ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. டயர் சுற்றளவு 2 மீட்டர் என்றால், 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 12 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும். டிஃபரென்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் அதே நொடியில் 50 சுற்று. அதனால் சக்கரக் கோளாறு ‘தடதட’ என்று ஸ்டீரிங்கையோ சீட்டையோ ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு ‘உர்ர்ர்’ என்று காலடியில் ரீங்காரமாக வரும்.

அப்புறம், அதிர்வு வரும் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறியும் அதிர்வு அதே கி.மீ.யிலேயே வந்தால் இன்ஜின் மேல் பழி இல்லை, ஷாஃப்ட்டோ சக்கரமோதான்.

கிராஸ் தேய்ந்துவிட்டதா என்று கழற்றாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கிராஸ் என்பது ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் கூட்டல் குறி வடிவ மூட்டு; அதைப் பிடித்திருக்கும் கவட்டைதான் யோக். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் யோக்கையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். டிஃபரென்ஷியல் பல் இடைவெளியால் மொத்தமாகக் கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை. கிராஸுக்கும் யோக்குக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கிராஸ் முனைகளை மூடியிருக்கும் கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிரீஸ் வற்றி, உள்ளே ஊசி பேரிங் துருவாக அரைபட்டு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

அண்ணே, நானே கிராஸ் மாற்றினேன். இப்போது முன்னைவிட மோசம்!

நானும் பட்டிருக்கிறேன். அவசரத்தில் அடையாளம் போடாமல் ஸ்லிப் ஜாயின்டை (ஷாஃப்ட் நீண்டு குறுக உதவும், பல் வெட்டிய செருகு மூட்டு) உருவிவிட்டேன். திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பழைய கிராஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். மறுமுனைக் கிராஸ்தான் அதைச் சரிக்கட்டுகிறது. அதற்கு, பெரும்பாலான வண்டிகளில், ஷாஃப்ட்டின் இரு முனை யோக் காதுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டைத் தரையில் வைத்துக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அது சரியாக இருந்தால் கப் கழன்றுவிடாமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் காடிக்குள் முழுதாக இறங்கவில்லையா? கப்பை அழுத்தும்போது ஊசி ஒன்று சரிந்து அடியில் படுத்திருக்கும். மேலும் அடித்து இறக்காதீர்கள். கப்பை வெளியே எடுத்து, கட்டியான கிரீஸில் ஊசிகளைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு ரீங்காரம் வருகிறது.

ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிட்டது. ஒற்றை ஷாஃப்ட், இரண்டு கிராஸ் என்றால் இரு முனைக் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசமே உணரத் தெரியும். ஆக்ஸிலுக்கு ஆப்பு வைத்துச் சரிசெய்வார்கள்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் குலுக்கல்; காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டில் கியர்பாக்ஸை ஒட்டிய உள்பக்க ஜாயின்ட். வளைவில் ‘டக் டக்’ என்றால் சக்கரத்தை ஒட்டிய வெளிப்பக்க ஜாயின்ட்.

பேலன்ஸை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முதலில் ஷாஃப்ட்டைக் கழுவுங்கள். காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே உதறும். பேலன்ஸ் எடை பறந்த இடத்தில் சின்னச் சதுரத் தழும்பு இருக்கும்.

அதற்கும் போகாவிட்டால் ஹோஸ் கிளிப் வைத்தியம். ஷாஃப்ட்டின் பின்முனையைச் சுற்றி நான்கு இடத்தில் எண் எழுதி, ஒரு கிளிப்பை மாட்டி அதன் திருகை 1-இல் வைத்து ஓட்டுங்கள். பிறகு 2, 3, 4. எங்கே குறைகிறதோ அங்கே இன்னொரு கிளிப். இரண்டும் சேர்ந்து அதிகமாகிவிட்டால், இரு திருகுகளையும் அந்த இடத்திலிருந்து இருபுறமும் சம அளவு விலக்குங்கள். விலக விலக எடையின் தாக்கம் குறையும். பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறையும் சாலையில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தூக்கி நிறுத்திச் சுற்றவிட்டு அடியில் தலையை நீட்டுவது வேண்டாம்.

வளைந்த ஷாஃப்ட்டைச் சுத்தியலால் நிமிர்த்தலாமா?

வேண்டாம். குழாயில் நெளிவு விழுந்தால் வலிமையும் போய்விட்டது. ஷாஃப்ட் பட்டறையில் குழாயை மாற்றி, சுழற்றிப் பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள்.