இரண்டாம் தடவை கரண்ட் வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மெனிஞ்சியோமா என்ற மூளைக்கட்டிக்கு நான்கு வருடம் முன்பு ஆபரேஷன் செய்து, சென்னையில் ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். இப்போது அதே இடத்தில் சின்னதாக மறுபடி வந்திருக்கிறது. கத்தி வைக்காமல் ஒரே நாளில் கதிர்வீச்சு கொடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். மறுபடி கரண்ட் வைத்தால் மூளை கருகிவிடும் என்று சித்தப்பா தடுக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சித்தப்பா பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முன்பு வாங்கிய கதிர்வீச்சை மூளை முழுசாக மறப்பதில்லை, அதனால்தான் அந்த ஆறு வார சிகிச்சையை அப்படியே திரும்பக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆனால் உங்கள் டாக்டர் சொல்வது வேறு. ஸ்வீடனின் மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951-லேயே முன்வைத்த ரேடியோசர்ஜரி என்ற முறை அது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை, காமா நைஃப் இயந்திரம் என்றால் சுமார் 200, கட்டியில் மட்டும் ஒன்றுசேர விடுவார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனம், சேருகிற இடத்தில்தான் வீரியம். தலை அசையாமல் இருக்க மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சட்டத்தை மாட்டுவார்கள், அல்லது முகமூடி. அவ்வளவுதான்.

கட்டி சுமார் 3 செ.மீ.க்குள் இருந்தால் இதற்குத் தோது. பார்வை நரம்பை ஒட்டியிருந்தால் ஒரே நாளில் முடிக்காமல் சில நாட்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முடிவெடுக்க வேண்டியது பழைய கணக்கை வைத்துத்தான்: எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போனது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, சென்னையில் கரண்ட் வைத்த துறையிலேயே கேட்டு முழு பிளானையும் வாங்குங்கள், கூடவே முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டும், கட்டி எந்த கிரேடு, அதாவது எவ்வளவு வீரியமான வகை என்பது அதில்தான் இருக்கும். இரண்டாவது கருத்துக்கு டெல்லி, மும்பை என்று அலைய வேண்டாம். இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியதே உங்கள் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில்தான். சித்தப்பாவையும் கூட்டிப்போங்கள், டாக்டரிடம் நேரிலேயே கேட்கட்டும்.

அப்புறம், கட்டி மாயமாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வளராமல் நின்றாலே வெற்றி. சில மாதம் கழித்து ஸ்கேனில் அந்த இடம் வீங்கிப் பெரிதானதுபோலத் தெரியலாம். கதிர்வீச்சில் திசு செத்தாலும் அப்படித் தெரியும், கட்டி திரும்பினாலும் அப்படித் தெரியும், ஒரே எம்.ஆர்.ஐ.யில் பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே கஷ்டம். சிலசமயம் காத்திருந்து அடுத்த ஸ்கேன் பார்ப்பார்கள். ஆனால் ஃபிட்ஸ், விடாத தலைவலி, கை கால் பலவீனம் வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே போங்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எகிறிவிடும்.