தூர்வாரும் முன் வரத்துக்கால்வாயைப் பாருங்க

வணக்கங்க. காட்பாடிக்கு வெளியே மனை போட்டவர்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை மூடிவிட்டார்கள், ஊர்ப் பசங்க சேர்ந்து ஏரியைத் தூர்வாரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். வரத்து அடைபட்டால் எவ்வளவு ஆழப்படுத்தியும் மலைத்தண்ணீர் வந்து சேராது. முதலில் கால்வாய் இருந்த இடத்தின் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகலும் புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகலும் வாங்குங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம், என்றிருந்தால் உங்கள் பக்கம் வலு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நகல்களோடு மனு கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏரிக்குள்ளேயே ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தையும் மனுவில் குறிப்பிடலாம்.

கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளுக்கு மாற்று இடமும் அதே மனுவில் கேளுங்கள், தயவுசெய்து. அவர்களை எதிரியாக்க வேண்டாம்; ஏரி வேலைக்கு ஏழைகளின் உழைப்பும் வேண்டும். கணியம்பாடி பக்கம் நாகநதியை மீட்க, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறும் தடுப்பணையும் கட்டியது நூறுநாள் வேலைப் பெண்கள்தான். உங்கள் ஊராட்சியிலும் அடுத்த கிராமசபைக்கு முன் அப்படி வேலை செய்யும் பெண்களிடம் பேசிவிடுங்கள்.