ஹாலோவீனுக்கு தீம் பார்க்: எந்தப் பிள்ளைக்கு எந்த ஷோ?

இரண்டு பிள்ளைகளோடு வருடா வருடம் அமெரிக்கத் தீம் பார்க்குகளின் ஹாலோவீன் நிகழ்ச்சிகளுக்குப் போய் வருகிறேன். இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, மகளுக்கு 4 வயது. ஆர்லாண்டோ மேஜிக் கிங்டமில் மிக்கி ஹாலோவீன் பார்ட்டிக்குக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 1995-இல் தொடங்கியதிலிருந்தே அது சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்து நடப்பது. இருட்டில் பதுங்கியிருந்து யாரும் மேலே பாய மாட்டார்கள். மிட்டாய், நடனம், ஊர்வலம், வாணவேடிக்கை, அவ்வளவுதான்.

ஊர்வலத்தில் மட்டும் இரண்டு இடம் கவனியுங்கள். முதலில் தலையில்லாத குதிரைவீரன் பூசணியை ஏந்திக்கொண்டு வருவான், நிஜக் குதிரையில். அப்புறம் கல்லறைக் குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியைத் தரையில் உரசித் தீப்பொறி பறக்க விடுவார்கள். "சும்மா வேஷம்மா" என்றால் 4 வயதுப் பிள்ளை தலையாட்டும். ஆனால் எதிரே வந்து நிற்கும்போது கண் பார்ப்பதைத்தான் நம்பும். அதனால் முன்வரிசையில் உட்கார வேண்டாம், தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் நில்லுங்கள். வெடிச் சத்தத்துக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று பையில் இருக்கட்டும்.

பார்ட்டி நள்ளிரவு வரை போகும். மத்தியானம் தூங்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நான் பார்த்த அழுகையில் பெரும்பாலானது தூக்கக் கலக்கம்தான்.

மூத்தவனுக்கு 12, இளையவளுக்கு 7. யுனிவர்சலின் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸுக்குப் போயே ஆகணும்னு மூத்தவன் அடம். நால்வரும் போகலாமா?

வேண்டாம். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று யுனிவர்சலே சொல்கிறது. "பேய் வீடுகளுக்குள் போகாமல் வெளியிலேயே சுற்றலாமே" என்று நினைக்காதீர்கள். நடக்கிற தெருவிலேயே புகைக்கு நடுவே ரம்பச் சத்தத்தோடு வந்து மறிப்பார்கள். 7 வயதுக்கு அது கொடுமை. மூத்தவன் ஒரு வருடம் பொறுக்கட்டும், அப்புறம் அப்பாவோடு மட்டும் போகட்டும்.

மாறுவேடம் போடலாமா?

மிக்கி பார்ட்டியில் எல்லா வயதினரும் போடலாம், 14 வயதிலிருந்து முகமூடி மட்டும் கூடாது. ஹாரர் நைட்ஸில் மாறுவேடமே கூடாது.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சின்னவர்களுக்கு என்ன இருக்கிறது?

நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். அங்கே பகலில் பிள்ளைகளுக்கென்றே ஸ்பூக்கி ஃபார்ம் நடக்கும். 1973-இல் தொடங்கிய ஸ்கேரி ஃபார்ம் பயமுறுத்தும் இரவு நிகழ்ச்சி, அதற்குத் தனி டிக்கெட். பார்க் ஒன்றே என்றாலும் பகலும் இரவும் வேறு உலகம், தேதியும் நேரமும் பார்த்து வாங்குங்கள்.

பையனுக்கு 6 வயது, பயந்த சுபாவம். "ஒரு தடவை இழுத்துட்டுப் போனா பயம் தெளிஞ்சிடும்" என்கிறார் என் மாமியார். சரியா அக்கா?

தயவுசெய்து செய்யாதீர்கள். நானே செய்த தப்பு இது. என் பெரியவனுக்கு அப்போது 6 வயது. ஒரு பார்க்கில் பேய் வீட்டு வாசலில் வரமாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பயம் தெளியவில்லை. பல மாதம் விளக்கை அணைக்க விடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். போகும் முன்பே அந்த நிகழ்ச்சியின் வீடியோவைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அங்கே போன பிறகு பயந்தாலும் டிக்கெட் காசைப் பார்க்காதீர்கள். வழியில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் வெளியே போகும் வழியைக் காட்டுவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.