பதில்: மழை நின்ற மறுநாள் ஏற்காடு எஸ்டேட்டில் விறகில் தீ பிடிக்கவில்லை

மழை நின்ற மறுநாள் ஏற்காட்டில் விறகு மூட்டப் பார்த்தபோது தீக்குச்சி பற்றுகிறது, காகிதமும் எரிகிறது, கட்டை மட்டும் புகைந்து அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். காகிதத்துக்கும் மணிக்கட்டுத் தடிமன் உள்ள கட்டைக்கும் நடுவே நீங்கள் எதுவும் வைக்கவில்லை. அதுதான் கோளாறு.

தீக்குச்சித் தடிமனில் சுள்ளி இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் இரு கையால் அணைத்துத் தூக்கும் அளவு, கட்டைவிரல் தடிமனில் இன்னொரு அதே அளவு. இவை சேராமல் குச்சியை உரசாதீர்கள். தரையில் கிடப்பதை விடுங்கள். மரத்திலேயே காய்ந்து தொங்குவதை ஒடியுங்கள். படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். மழைக்குப் பின் பட்டைதான் நனைந்திருக்கும், உள்ளே பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளந்து, உள்மரத்தைச் சுருள் சுருளாகச் சீவுங்கள்.

ஈரத்தரையில் நேரடியாக மூட்டினால் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். நாலைந்து கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி அதன்மேல் மூட்டுங்கள். இரண்டு கற்பூர வில்லை, மேலே சீவல், அதன்மேல் சுள்ளி. காற்று வரும் பக்கம், அடியில் பற்றவையுங்கள். அவசரப்பட்டு அமுக்கி அடுக்காதீர்கள். புகை கூடினால் தீக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

ஆற்றுக்கல்லும் பிளக்காத மூங்கிலும் வேண்டாம், வெடிக்கும். எஸ்டேட் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்கு மேல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஒரு குடம்.