பூமியில் உயிர் விண்வெளியிலிருந்து வந்ததா?

சித்திரையில் எங்கள் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் மண்ணே செத்துக் கிடப்பது போலிருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், கொழுக்கட்டைப் புல் தலைநீட்டிவிடும். விதை மண்ணுக்குள்ளேயே காய்ந்து கிடந்திருக்கிறது. நீங்கள் கேட்டதற்கும் முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வானத்திலிருந்து வந்தது உயிர் என்ற விதையா, அல்லது உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் என்ற வெறும் எருவா?

எரு வந்ததற்கு வலுவான சான்று உண்டு. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்தன. அவற்றில் பல, பூமியின் உயிர்களில் காணப்படாதவை. அதனால் இங்கே ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று தள்ளிவிட முடியாது. பென்னு சிறுகோளிலிருந்து 2023-ல் நாசா கொண்டுவந்த மண்ணிலோ, நம் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை.

விதை விஷயம் அப்படியல்ல. டைனோகாக்கஸ் பாக்டீரியா விண்வெளி நிலையத்துக்கு வெளியே 3 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பாக்டீரியாத் திரளின் மேலடுக்கு செத்து, உள்ளே இருந்தவற்றைக் காத்தது. ஆனால் பிழைக்க முடியும் என்பதாலேயே வந்து சேர்ந்தது என்றாகிவிடாது. எந்த விண்கல்லிலும் உயிர் உறுதியாகக் கிடைத்ததில்லை. உயிர் இங்கேதான் முளைத்தது என்றே நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து வந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அங்கே அது எப்படித் தோன்றியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.