தார் பாலைவனத்து மக்கள் வெளியூர்க்காரர்களிடம் எப்படிப் பழகுவார்கள்? மே மாதத்தில் டெல்லியிலிருந்து போகலாமா?

மிக நன்றாகப் பழகுவார்கள். ஆனால் அது தெரிய வேண்டுமானால் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் கோட்டையையும், அதன் அருகே சம் என்ற ஊரின் மணல்மேட்டில் உள்ள சுற்றுலாக் கூடாரங்களையும் தாண்டிப் போக வேண்டும். டெல்லியில் இருக்கும் நம்மவர்கள் பலர் அந்த இரண்டோடு திரும்பிவிடுகிறார்கள்.

நானும் மனைவியும் டெல்லி கரோல் பாக்கிலிருந்து கோடை விடுமுறையில் போனோம். ஜெய்சால்மருக்கு அருகே கூரி கிராமத்துப் பக்கம் உச்சி வெயிலில் டயர் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னியை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து உள்ளே கூட்டிப்போனார். மண்சுவரும் புல்கூரையுமாக வட்டமான குடிசை. வெளியே கொதிக்க, உள்ளே உட்கார முடிந்தது. எந்த ஊர் என்று கேட்கும் முன்பே வீட்டம்மா தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சீரகம் போட்ட மோர், கம்பு ரொட்டி, கேர் சாங்கரி. சாங்கரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கிறதே வன்னி, அதே மரம்தான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஜெய்சால்மரில் 200-ஐ எட்டினாலே பெரிது. அந்தக் கொஞ்ச மழையைச் சரிவாகச் செப்பனிட்ட தரையில் ஓடவிட்டு, நடுவே பூமிக்குள் கட்டிய தொட்டியில் சேர்க்கிறார்கள். டாங்கா என்று பெயர். சரிவில் ஆடுமாடு ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், தொட்டிக்கு மூடி போட்டு வைக்கிறார்கள். அடுத்த மழைக்கு இன்னும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நேரத்தில், முன்பின் தெரியாத எங்களுக்கு அதிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றினார் அந்த அம்மா. டேங்கர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் டெல்லி வாசிகளுக்கு அதன் மதிப்பு புரியும்.

பணம் கொடுக்கப் பார்த்தோம், பெரியவர் முகம் வாடிவிட்டது. பிள்ளைகளுக்கு என்று முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்ததும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

சரி, மே மாதம்? ஜெய்சால்மருக்குப் போகும் வழியிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. குழந்தைகளோடு என்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில்தான் முடியும் என்றால் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை நிழலை விட்டு வெளியே வராதீர்கள். யாராவது மோர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். டாங்காவைச் சுற்றியுள்ள சரிவில் மட்டும் செருப்போடு ஏறிவிடாதீர்கள்.