70 மி.மீ. சுருளா, 4 கே லேசரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்): 2023-இல் 'ஓப்பன்ஹைமர்' வெளியானபோது, அதை ஐமேக்ஸ் 70 மி.மீ. பிரிண்டில்தான் பார்க்க வேண்டும், அதன் தெளிவு 18 கே (அகலவாக்கில் சுமார் 18,000 பிக்சல்) என்று பலரும் எழுதினார்கள். இந்தியாவில் அந்தப் பிரிண்ட் எங்கும் ஓடவில்லை. டிஜிட்டல் ஐமேக்ஸில் பார்த்த நாங்கள் படத்தின் பாதித் தெளிவைக்கூடப் பார்க்கவில்லை என்று கொள்ள வேண்டுமா?

பதில்: 18 கே என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். படச்சுருளில் பிக்சல் கிடையாது. ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்கள் லேபில் கழுவிய பிறகு நுண்ணிய சாயத் திட்டுகளாக மாறுகின்றன. இவை வரிசையாக அமைவதில்லை, ஒரு ஃபிரேமில் இருந்த இடத்திலேயே அடுத்த ஃபிரேமிலும் இருப்பதில்லை. அதனால் டிஜிட்டலில் ஓர் எல்லையில் சட்டென்று நின்றுவிடும் நுணுக்கம், சுருளில் சிறிது சிறிதாக மங்கித்தான் மறைகிறது. எந்த இடத்தில் 'இதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை' என்று கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் 6 கே என்பார், இன்னொருவர் 18 கே என்பார்.

ஐமேக்ஸ் சுருளின் உண்மையான பலம் அதன் ஃபிரேமின் பரப்பில் இருக்கிறது. சுருள் படுக்கைவாக்கில் ஓடுவதால் ஒரு ஃபிரேம், சுருளின் ஓரத்தில் உள்ள 15 துளைகளின் நீளத்தை எடுத்துக்கொள்கிறது. அகலம் ஏறத்தாழ 70 மி.மீ., உயரம் 48.5 மி.மீ. நம் ஊர்த் திரையரங்குகளில் பல ஆண்டுகள் ஓடிய 35 மி.மீ. சினிமாஸ்கோப் பிரிண்டில் ஒளி ஊடுருவிய பகுதி சுமார் 21 மி.மீ. அகலமும் 17.5 மி.மீ. உயரமும் கொண்டது. பரப்பில் ஒன்பது மடங்கு வேறுபாடு. ஒரு மி.மீ. சுருளில் 40 கோட்டு இணைகள் (ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரித்தறியத் தக்கவையாக எஞ்சுகின்றன என்று ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டு, ஓர் இணைக்கு இரண்டு பிக்சல் வீதம் கணக்கிட்டால், 35 மி.மீ. பிரிண்ட் அகலவாக்கில் 1,680 பிக்சலுக்குச் சமமாகிறது. ஐமேக்ஸ் பிரிண்ட் 5,600 பிக்சலுக்குச் சமமாகிறது. 2 கே என்பது 2,048, 4 கே என்பது 4,096. அதாவது, ஒரே தரமுள்ள சுருள் சிறிய ஃபிரேமில் 2 கே-ஐக்கூட எட்டாமலும், பெரிய ஃபிரேமில் 4 கே-ஐத் தாண்டியும் நிற்கிறது. 'ஃபிலிம் சிறந்ததா, டிஜிட்டல் சிறந்ததா' என்று பொதுவாகக் கேட்பது ஏன் பயனற்றது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இனி, உங்கள் இருக்கையைப் பற்றிப் பேச வேண்டும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான இடைவெளியைப் பிரித்தறியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 20 மீட்டர் அகலமுள்ள திரையில் 2 கே படத்தின் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. அகலம் இருக்கும், 33 மீட்டர் தள்ளி அமர்ந்தால்தான் அது கண்ணுக்குத் தப்பும். 4 கே-யில் பிக்சலின் அகலம் பாதியாகிவிடுவதால் 17 மீட்டரே போதும். ஆகவே 4 கே அரங்கில் பின்வரிசைகளில் இருந்தவர் சுருளின் கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதியை எப்படியும் கண்டிருக்க முடியாது. முன்பாதியில் இருந்தவருக்குத்தான் அது உண்மையான இழப்பு.

உங்கள் இழப்பு வேறோர் இடத்திலும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐமேக்ஸ் சுருளின் படம் 1.43-க்கு 1 என்ற, ஏறக்குறையச் சதுரத்தை நெருங்கும் வடிவம் கொண்டது. பெரும்பாலான டிஜிட்டல் ஐமேக்ஸ் திரைகள் 1.90-க்கு 1 என்ற வடிவத்தில் கட்டப்பட்டவை. ஒரே அகலத்தில் வைத்துப் பார்த்தால், படத்தின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு மேலும் கீழுமாக வெட்டப்பட்டுப் போகிறது. இந்த வெட்டு வரும் என்று தெரிந்தே ஒளிப்பதிவாளர் காட்சியை அமைத்திருப்பதால் கதைக்கு ஊறு நேராது. ஆனால் கண்ணின் எல்லையையும் மீறி மேலே உயர்ந்து செல்லும் வானத்தை எந்த லேசர் புரொஜக்டரும் ஈடுசெய்யாது.

கேள்வி (மதுரை வாசகர் ஒருவர்): 'ஷோலே' தொடங்கி 70 மி.மீ. என்று விளம்பரம் செய்யப்பட்ட படங்களைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் அந்த அளவிலேயே எடுக்கப்பட்டவையா?

பதில்: 'ஷோலே' அப்படி எடுக்கப்பட்டதல்ல. 1975-இல் வெளியான அந்தப் படம் 35 மி.மீ. நெகடிவில் எடுக்கப்பட்டு, பின்னர் 70 மி.மீ. பிரிண்டாகப் பெரிதாக்கப்பட்டது. அதற்கென்று உங்கள் வியப்பு பொய்யாகிவிடாது. சிறிய நெகடிவில் பதியாத நுணுக்கம் பெரிதாக்குவதால் வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் பிரிண்ட் பெரிதாக இருந்தால் புரொஜக்டரின் ஒளி அதிகமாகப் பாய்கிறது, திரையில் அதை உருப்பெருக்க வேண்டிய மடங்கு குறைகிறது, பிரிண்டின் சொந்தத் துகள்களும் கண்ணை உறுத்துவதில்லை. இவற்றோடு சுருளின் ஓரங்களில் ஆறு தட காந்த ஒலிக்கும் இடம் கிடைத்தது. நெகடிவ் 65 மி.மீ., பிரிண்ட் 70 மி.மீ. என்று இருப்பதற்குக் காரணமே அந்தக் காந்தப் பட்டைகள்தாம்.

இதே கேள்வியை இன்றைய படங்களுக்கும் கேட்க வேண்டும். கணினியில் 2 கே அளவில் முடித்த ஒரு படத்தை 70 மி.மீ. சுருளில் அச்சிட்டால், அந்தச் சுருளில் இருப்பது 2 கே நுணுக்கம்தான்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர் ஒருவர்): எங்கள் ஊருக்கு டிஜிட்டல் வந்த புதிதில் படம் வெளிறித் தெரிந்தது. ஃபிலிமின் கறுப்பு அதில் இல்லையே?

பதில்: நீங்கள் கண்டது சரி. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ 2005-இல் வெளியிட்ட தரநிலை, குறைந்தது 2 கே தெளிவையும், ஒவ்வொரு வண்ணக் கூறுக்கும் 12 பிட் ஆழத்தையும் கேட்கிறது. இந்தியாவில் அக்காலத்தில் பரவிய டிஜிட்டல் அரங்குகளில் பல, அதைவிடக் குறைந்த தெளிவுள்ள மலிவான புரொஜக்டர்களில் ஓடின. தரமான செனான் விளக்குப் புரொஜக்டரிலும்கூட 'கறுப்பு' என்பது கரும்சாம்பலாகவே வரும். லேசர் வந்த பிறகுதான் அந்தக் குறை வெகுவாகத் தீர்ந்தது.

ஆயினும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நெகடிவிலிருந்து இடைநிலைப் பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகடிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று ஒவ்வொரு படியிலும் கூர்மை இழந்த 35 மி.மீ. சுருள், ஏ சென்டரில் ஐம்பது நாள் ஓடி, பி, சி சென்டர்களைச் சுற்றி உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது, ரீல் மாறும் இடமெல்லாம் கீறல்கள் மழைபோலப் பெய்துகொண்டிருக்கும். டிஜிட்டல் படத்தின் முதல் காட்சிக்கும் நூறாவது நாள் காட்சிக்கும் வேறுபாடு இல்லை. சிற்றூர் ரசிகனுக்கும் தலைநகர் ரசிகனுக்கும் ஒரே படத்தைக் கொடுத்தது டிஜிட்டல்தான். இதை மறந்துவிட்டு ஃபிலிமுக்காக ஏங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி (லண்டன் வாசகர் ஒருவர்): வாட்டர்லூவில் உள்ள பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) ஐமேக்ஸ் அரங்கில் சுருள், லேசர் இரண்டுக்கும் வசதி உண்டு. ஒரே படம் இரண்டிலும் வந்தால் எதற்குச் சீட்டு வாங்கலாம்?

பதில்: 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட அந்தத் திரையில் இரண்டையும் ஒப்பிடலாம் என்பது பெரிய வாய்ப்பு. படம் ஐமேக்ஸ் சுருளிலேயே எடுக்கப்பட்டிருந்தால், தயங்காமல் சுருளுக்குப் போங்கள். சாதாரணச் சுருளில் ஃபிரேம் மெல்ல ஆடும். பெரிய திரையில் அந்த ஆட்டமே கூர்மையைத் தின்றுவிடும். ஆஸ்திரேலியரான ரான் ஜோன்ஸ் கண்டுபிடித்த உருள்வளைய முறையில், சுருளைப் பற்களால் இழுக்காமல் ஓர் அலைபோலத் தள்ளி, ஒவ்வொரு ஃபிரேமையும் நிலைநிறுத்தும் ஊசிகளில் பொருத்தி, வெற்றிட உறிஞ்சலால் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறார்கள். அதனால் நடுவும் மூலைகளும் ஒருசேரக் குவியத்தில் நிற்கின்றன. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் முதன்முதலாக ஓடியது முதல் இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் சுருள் ஓடுகிறது. மூன்று மணி நேர 'ஓப்பன்ஹைமர்' பிரிண்ட் சுமார் 18 கி.மீ. நீளமும் 270 கிலோ எடையும் கொண்டிருந்தது.

படம் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டதானால் லேசர்தான் சரி. அதைச் சுருளுக்கு மாற்றுவதால் கூடுவது துகளும் தூசியும் மட்டுமே. சுருளுக்குப் போவதென்று முடிவு செய்தால், முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பிரிண்டில் ஏதோ ஒரு தூசியாவது படிகிறது. திரை முழுவதும் பார்வைக்குள் அடங்கிவிடாத அளவுக்கு, நடுவரிசைக்குச் சற்று முன்னால் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.